முற்றலும் பழுத்தலும்: வளர்நிலைச் சொற்கள் தமிழிலும் ஜெர்மன் மொழியிலும்

ஓர் உயிர் முளைத்து, வளர்ந்து, முற்றி, பழுத்து, உதிரும் வரை அதன் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி தமிழ். இது தமிழறிந்தோர் பெருமையோடு எடுத்துச் சொல்லும் செய்திதான். ஆனால் இச்சொற்களைப் பட்டியலிட்டு வியப்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அவை எதற்காகப் பிறந்தன, ஒரு நிலை எங்கே முடிந்து அடுத்த நிலை எங்கே தொடங்குகிறது, இன்று அவற்றால் என்ன பயன் என்ற கேள்விகளை அதிகம் கேட்பதில்லை.

இக்கேள்விகளுக்கு விடை தேட ஜெர்மன் மொழி ஒரு நல்ல ஒப்புநோக்குக் களம். ஜெர்மானியரும் உழவில் ஊறிய மக்கள். பயிரின் பருவங்களைச் சொல்லால் குறித்து, பின்னர் எண்ணால் அளந்து, ஆண்டுதோறும் நாள் குறித்து வைப்பவர்கள். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் 1980களிலிருந்து அந்நாட்டில் வாழ்ந்து வருகின்றன. இரு மொழிகளின் வளர்நிலைச் சொற்களும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் நிலை அங்கே உண்டு. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வெறும் மொழியாராய்ச்சி மட்டும் அன்று.

தொல்காப்பியம் தரும் தொடக்கம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களை ஒன்பதாகத் தொகுக்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எந்த உயிருக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதையும் வரையறுக்கிறது. மரஞ்செடிகளாகிய ஓரறிவு உயிர்களுக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்ற பெயர்கள் பொருந்தும் என்றும், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என்றும் அது கூறுகிறது. இன்றும் தென்னம்பிள்ளை என்கிறோம், மாங்கன்று என்கிறோம், நெல்லை நாற்று என்கிறோம். இலக்கணம் சொன்ன பாகுபாடு வயலிலும் தோட்டத்திலும் இன்றுவரை நிற்கிறது.

பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று நிலைகள் சொல்லப்படும். வீ என்பது உதிரும் பூ. செம்மல் என்பது வாடிய பூ. இலை துளிராகி, தளிராகி, கொழுந்தாகி, இலையாகி, பழுப்பாகி, சருகாகிறது. காய்க்கும் நிலையில் பூம்பிஞ்சு, பிஞ்சு, காய், செங்காய், பழம் என்பது பொதுவரிசை. செங்காய் என்றால் முற்றிய, பழுக்கத் தொடங்காத அல்லது தொடங்கும் தறுவாயிலுள்ள காய்.

இதோடு நில்லாமல் செடிக்குச் செடி பிஞ்சின் பெயர் மாறும். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனையின் பிஞ்சு குரும்பை. இத்தகைய சொற்களை விரிவாகத் தொகுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் தேவநேயப் பாவாணர் (1902–1981).

இப்பெயர்களுக்குப் பின்னால் ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. வடு உப்பிலிடுவதற்கு, மாங்காய் ஊறுகாய்க்கும் குழம்புக்கும், மாம்பழம் உண்பதற்கு. யாழ்ப்பாணத்தில் பனையின் காயை எடுத்துக்கொண்டால், நுங்கு குடிக்கலாம். அது முற்றிச் சீக்காய் ஆகிவிட்டால் அப்பயன் போய்விடும். பனம்பழம் ஆனால் பிசைந்து களி எடுத்துப் பனாட்டுப் போடலாம். தென்னையில் குரும்பை, இளநீர், வழுக்கை, தேங்காய், கொப்பரை என்பனவும் அவ்வாறே. பெயர் மாறும் இடத்தில் பயன் மாறுகிறது. பயன் மாறும் இடத்தில்தான் தமிழர் பெயரை மாற்றினர் என்றும் சொல்லலாம்.

ஐந்து வினைகள்

பெயர்ச்சொற்களைப் பலரும் அறிவர். நுட்பம் கூடுதலாக இருப்பது வினைச்சொற்களில்தான். வளர்தல், விளைதல், முற்றுதல், முதிர்தல், பழுத்தல் ஆகிய ஐந்தையும் நாம் கலந்து பேசினாலும் அவை ஒரு பொருளன அல்ல.

வளர்தல் என்பது அளவில் பெருகுவது. பிறை வளரும், பிள்ளை வளரும், கடனும் வளரும். விளைதல் என்பது பயன் தரும் நிலைக்கு வருவது. அதனால்தான் விளைநிலம், விளைச்சல் என்பவற்றோடு செயலின் பலனுக்கு விளைவு என்ற சொல்லும் வந்தது. முற்றுதல் என்பது வளர்ச்சி நிறைவடைவது. வெண்டைக்காய் முற்றிவிட்டால் கறிக்கு ஆகாது, விதைக்கு ஆகும்; தேங்காய் முற்றினால்தான் துருவ முடியும். வாக்கியம் நிறைவுறும் இடத்துக்கு முற்றுப்புள்ளி என்று பெயர் வைத்ததும் இதே வினையிலிருந்துதான். முதிர்தல் காலத்தால் மூப்படைவது. பழுத்தல் என்பது முற்றியபின் நிறமும் சுவையும் மணமும் மாறிக் கனிவடைவது.

முற்றுதலும் பழுத்தலும் வேறு என்பதை வாழைத்தோட்டக்காரரிடம் கேட்டால் தெரியும். தாரை முற்றிய காயாக வெட்டுவார்கள். பழுப்பது வெட்டிய பிறகு. முற்றாத தாரை வெட்டி மூட்டம் போட்டால் அது நன்றாகப் பழுக்காது, சுவையும் இராது. வெயிலாலோ நீர் இல்லாமலோ முற்றாமலேயே பழுத்துப்போவதற்கு வெம்புதல் என்று தனி வினை உண்டு. 'வெம்பிப் பழுத்தது' என்று மனிதரைச் சொல்வதும் இதிலிருந்தே.

தமிழ் இலக்கணம் தரும் வினைத்தொகையும் இங்கே கருதத் தக்கது. வளர்பிறை என்றால் வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை என மூன்று காலத்துக்கும் விரியும். நின்றுவிடாத வளர்ச்சியைச் சொல்ல, காலம் காட்டாத இந்த அமைப்பு மிகவும் பொருந்துகிறது.

ஜெர்மன் மொழியின் 'ரைஃபெ'

இனி ஜெர்மன் மொழிக்கு வருவோம். அம்மொழி தனித்தனி வேர்ச்சொற்களைப் பெருக்குவதைவிட, ஒரே சொல்லோடு அடைமொழிகளைச் சேர்த்துக் கூட்டுச்சொற்களை ஆக்குவதில் வல்லது. பழுத்தலையும் முதிர்ச்சியையும் குறிக்கும் அடிப்படைச் சொல் 'ரைஃபெ'. தானியக் கதிரின் நிலைகளை ஜெர்மானிய உழவர்கள் 'மில்ஷ்ரைஃபெ' (பால் முதிர்ச்சி), 'கெல்ப்ரைஃபெ' (மஞ்சள் முதிர்ச்சி), 'ஃபோல்ரைஃபெ' (முழு முதிர்ச்சி), 'டோட்ரைஃபெ' (செத்த முதிர்ச்சி) என்று வரிசைப்படுத்துவர். கடைசி நிலையில் மணி தானே உதிரத் தொடங்கும். அறுவடைக்குக் காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

நம் நெல் வயலிலும் கதிர் பால் பிடிக்கிறது, மணி பிடிக்கிறது, முற்றுகிறது, பழுக்கிறது. மணியை நசுக்கினால் வெள்ளைப் பால் வருவதைக் கண்ட கண், காவிரிக் கரையிலும் ரைன் கரையிலும் ஒரே உவமையைத் தேடியிருக்கிறது. ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை. பார்த்த பொருள் ஒன்று, அவ்வளவே. அதற்கு முந்திய நிலையில், கதிர் வெளிவராமல் உறைக்குள்ளேயே பருத்திருப்பதைத் தமிழக உழவர் தொண்டைக்கதிர் என்பர். இலங்கையில் குடலைப் பருவம் என்பர்.

வறட்சியால் தானியம் முற்றாமல் காய்ந்து பழுப்பதை ஜெர்மன் மொழி 'நோட்ரைஃபெ' என்கிறது. 'நோட்' என்றால் இடர், நெருக்கடி. மேலே சொன்ன வெம்புதலுக்கு இதைவிட நெருங்கிய இணை கிடைப்பது அரிது.

எல்லாவற்றினும் சுவையானது முற்றலுக்கும் பழுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை ஜெர்மானியப் பழத்தோட்டக்காரர்களும் பிரித்துச் சொல்வது. பறிப்பதற்கு ஏற்ற முதிர்ச்சி 'ப்ஃப்லுக்ரைஃபெ'. உண்பதற்கு ஏற்ற முதிர்ச்சி 'கெனுஸ்ரைஃபெ'. முன்னது நம் முற்றல், பின்னது நம் பழுத்தல். குளிர்கால ஆப்பிள் வகைகளில் இவ்விரண்டுக்கும் இடையே பல வாரங்கள் செல்லும்.

சொல்லிலிருந்து அளவைக்கு

சொல் ஒன்று இருந்தால் போதுமா? காய் எப்போது செங்காய் ஆயிற்று என்பதில் இரண்டு பேருக்குக் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது? சந்தை பெரிதாகும்போது இந்தச் சிக்கல் பெரிதாகிறது. ஜெர்மானியர் இதற்குக் கண்ட வழி, சொல்லுக்கு ஓர் அளவையைத் துணை சேர்த்தது.

தென்ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையும் வடக்கே ஹாம்பர்க் அருகிலுள்ள ஆல்டெஸ் லாண்ட் பகுதியும் ஆப்பிளுக்குப் பேர்போனவை. அங்கே பறிக்கும் நாளை முடிவு செய்யக் காயைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலில் நனைப்பார்கள். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். மாவு சர்க்கரையாக மாறிய இடம் வெளுப்பாகவே இருக்கும். காய் எவ்வளவு முற்றியது என்பது வெட்டுமுகத்தில் தெரிந்துவிடும். இதோடு சதையின் உறுதியையும் சாற்றின் இனிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் 'ஷ்டிரைஃப் குறியீடு' என்ற அளவும் உண்டு.

திராட்சையின் நிலை வேறு. வாழையையும் ஆப்பிளையும் போலப் பறித்தபின் அது பழுப்பதில்லை. கொடியில் என்ன இனிப்பு இருந்ததோ அதுதான். ஆகவே பறிக்கும் நாள்தான் எல்லாம். ஃபோர்ட்ஸ்ஹைம் நகரைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் அக்ஸ்லே (1774–1852) என்பவரின் பெயரால் அமைந்த அளவை திராட்சைச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும். ஒரு லிட்டர் சாறு ஒரு லிட்டர் நீரைவிட 80 கிராம் கூடுதலாக எடை இருந்தால் அது 80 பாகை. 1971ஆம் ஆண்டின் ஜெர்மன் ஒயின் சட்டம் இந்த அளவையை ஒட்டிப் பழத்தின் முதிர்ச்சிக்கு ஏற்பத் தரப்பெயர்களை வகுத்தது. 'ஷ்பெட்லேஸெ' என்றால் தாமதமாகப் பறித்தது. 'அவுஸ்லேஸெ' என்றால் தேர்ந்து பறித்தது. கொடியிலேயே உலர்ந்து சுருங்கிய பழங்களைப் பொறுக்கிப் பிழிந்தது 'ட்ரொக்கன்பேரன்அவுஸ்லேஸெ'. முதிர்ச்சியின் படிநிலைகள் அங்கே சட்டச் சொற்களாகிவிட்டன. புட்டியின் விலையே அச்சொல்லைப் பொறுத்தது.

எண்ணாக மாறிய பருவம்

இதன் அடுத்த படி, சொல்லையே எண்ணாக்குவது. பயிர்களின் வளர்நிலைகளைக் குறிக்க இன்று பல நாடுகளில் பயன்படும் 'பி.பி.சி.எச்.' அளவுகோல் ஜெர்மனியில் உருவானது. அந்நாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம், பயிர்வகைப் பதிவு அலுவலகம், வேதித்தொழில் துறை ஆகியவற்றின் பெயர்ச் சுருக்கம் அது. 1974இல் சாடோக்ஸ், சாங், கொன்சாக் ஆகிய மூவர் தானியங்களுக்காக வெளியிட்ட பதின்ம முறையை அடிப்படையாகக் கொண்டு, மற்றப் பயிர்களுக்கும் பொருந்துமாறு அது விரிவாக்கப்பட்டது.

முளைப்பு முதல் ஓய்வு வரை பத்துப் பெருநிலைகள், 0 முதல் 9 வரை. ஒவ்வொன்றுக்குள்ளும் உட்பிரிவுகள். நெல்லுக்கு அதைத் தமிழ்ச் சொற்களோடு பொருத்திப் பார்க்கலாம்:

0 – முளைத்தல்
1 – இலை விடுதல்
2 – தூர் கட்டுதல் (இலங்கை வழக்கில் மட்டம் வெடித்தல்)
3 – தண்டு நீளுதல்
4 – தொண்டைக்கதிர், குடலைப் பருவம்
5 – கதிர் வெளிவருதல்
6 – பூத்தல்
7 – பால் பிடித்தல்
8 – மணி இறுகி முற்றுதல், பழுத்தல்
9 – தாள் காய்தல், அறுவடை

75 என்றால் நடுப்பால் நிலை, 89 என்றால் முழு முதிர்ச்சி. மருந்தடிக்கவோ உரமிடவோ '39ஆம் நிலைக்கு முன்' என்று எழுதிவிட்டால், எந்த மொழி பேசும் உழவருக்கும் ஐயம் இராது. எண்ணின் வலிமை இது. ஆனால் எண் தானே பேசாது. 75 என்பதைப் புரிந்துகொள்ள ஒருவர் மணியை நசுக்கிப் பாலைப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பெருநிலைகளுக்கும் தமிழில் சொல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். புதிதாக ஆக்காமல் வயலிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது.

பத்துப் பருவ ஆண்டு

தமிழில் பருவம் என்ற சொல் பயிரின் நிலையையும், மனிதரின் வயதுநிலையையும், ஆண்டின் கூறையும் சேர்த்தே குறிக்கும். அதனால் இளமை, முதுமை என்ற உயிரின் அடைகள் காலத்துக்கும் ஏறின: இளவேனில், முதுவேனில். பனிக்காலமும் முன்பனி, பின்பனி எனப் பிரிந்தது. கார், கூதிர் சேர ஆறு பெரும்பொழுதுகள். ஒவ்வொன்றுக்கும் இவ்விரண்டு மாதங்கள் என்பது நம் கணக்கு.

ஜெர்மன் வானிலைத் துறை செடிகளைக் கொண்டு ஆண்டைப் பத்தாகப் பிரிக்கிறது. இங்கே பருவத்தைத் தொடங்கிவைப்பது தேதி அன்று, ஒரு செடியின் வளர்நிலை. ஹேசல் பூத்தால் முன்வசந்தம். ஃபோர்சித்தியா பூத்தால் முதல்வசந்தம். ஆப்பிள் பூத்தால் முழுவசந்தம். ஹோலுண்டர் பூத்தால் இளங்கோடை. லிண்டன் மரம் பூத்தால் முழுக்கோடை. முன்கூட்டிப் பழுக்கும் ஆப்பிள் பழுத்தால் பின்கோடை. ஹோலுண்டர் பழுத்தால் இலையுதிர் காலத்தின் தொடக்கம். ஓக் மரக் கொட்டை முற்றினால் அதன் நடு. ஓக் இலை நிறம் மாறினால் அதன் இறுதி. அவ்விலை உதிர்ந்தால் குளிர்காலம். நாடெங்கும் தன்னார்வலர்கள் தம் ஊரின் மரங்களைப் பார்த்து நாள் குறித்து அனுப்புகிறார்கள்.

இந்தப் பதிவுகள் பல பத்தாண்டுகள் சேர்ந்தபோது ஒன்று தெளிவாகியது. 1961–1990 சராசரியோடு 1991–2020 சராசரியை ஒப்பிட்டால் முன்வசந்தம் முன்னதாகவே தொடங்குகிறது, குளிர்காலம் சுருங்கியிருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கு வெப்பமானி மட்டுமல்ல, ஹேசல் பூவும் சாட்சி. 'பூத்தது' என்றால் என்ன என்பதை எல்லாரும் ஒரே பொருளில் கொண்டு, நாளையும் எழுதிவைத்ததால் கிடைத்த பயன் இது.

நம் ஊரிலும் கொன்றை முன்னதாகப் பூக்கிறது, மா பூவெடுக்கத் தாமதிக்கிறது என்று பேசுகிறோம். இந்தியாவில் பள்ளி மாணவர்களும் ஆர்வலர்களும் மரங்களைத் தொடர்ந்து கவனித்துப் பதியும் 'சீசன்வாட்ச்' போன்ற முயற்சிகள் நடக்கின்றன. இத்தகைய பதிவுக்கு அரும்பும் வடுவும் செங்காயும் ஆயத்தக் கருவிகள். அவற்றை நாள்குறிப்போடு சேர்ப்பதுதான் மீதி.

அகராதியும் வாழ்வும்

தமிழ்ச் சொற்களைத் தொகுத்ததில் ஜெர்மானியருக்கும் பங்கு உண்டு. சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த யோகான் பிலிப் ஃபாப்ரிசியஸ் (1711–1791) தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சாயிற்று. பிற்காலத்தில் தரங்கம்பாடியில் திருத்திப் பதிப்பிக்கப்பட்ட அதன் வடிவங்களில் ஒரு தலைச்சொல்லின் கீழ் அதன் கிளைச்சொற்களும் தொடர்களும் அடுக்கப்பட்டிருக்கும். விளை என்பதைத் தேடினால் விளைச்சலும் விளைவும் உடன் கிடைக்கும். இன்று அவ்வகராதி இணையத்திலும் உள்ளது.

அகராதி ஒரு சொல்லைக் காப்பாற்றிவிடும், ஆனால் வாழவைக்காது. மூசு என்பதற்கு 'பலாவின் பிஞ்சு' என்று பொருள் எழுதலாம். பலாவையே காணாத பிள்ளைக்கு அது இரண்டு அறியாத சொற்களாகவே இருக்கும்.

ஜெர்மனியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை இதுதான். வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் அவர்கள் வாழையையும் பனையையும் படத்தில் பார்க்கிறார்கள். கடையில் மாம்பழம் உண்டு, வடு இல்லை. ஆகவே வடு, கச்சல், குரும்பை என்ற சொற்களில் பல அவர்கள் பேச்சில் இல்லை. எல்லாம் 'சின்னக் காய்', 'பெரிய காய்' ஆகிவிடுகின்றன. அதே பிள்ளைக்கு 'ரைஃபெ' என்ற சொல் நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பு முடித்தால் கிடைப்பது 'மிட்லரே ரைஃபெ', அதாவது இடைநிலை முதிர்ச்சி. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி தரும் சான்றிதழ் 'ஹோக்ஷூல்ரைஃபெ', உயர்கல்விக்கான முதிர்ச்சி. அம்மொழி மாணவனைக் கனியாகக் காண்கிறது. நாமும் 'பக்குவம் வந்துவிட்டது' என்கிறோம். சமையலுக்கும் பழத்துக்கும் மனத்துக்கும் சேர்த்தே அதைச் சொல்கிறோம்.

இங்கிருந்தே கற்பித்தலைத் தொடங்கலாம். செடிக்கே உரிய சிறப்புப் பெயர்கள் அச்செடி இல்லாத நாட்டில் தளர்வது இயல்பு. ஆனால் அரும்பு, மொட்டு, பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம், வெம்பல், சருகு என்ற பொதுச்சொற்கள் எந்த மரத்துக்கும் உரியவை. வீட்டுத் தோட்டத்து ஆப்பிளும் செர்ரியும் பிஞ்சு விடுகின்றன. தெருவோர ஓக் இலை பழுத்துச் சருகாகிறது. ஏப்ரல் இறுதியில் ஆப்பிள் பூவைக் காட்டி அலர் என்றும், ஜூனில் உதிரும் சிறுகாயைக் காட்டிப் பிஞ்சு என்றும், செப்டம்பரில் பறித்ததை முற்றல் என்றும், டிசம்பரில் மென்மையாகி மணப்பதைப் பழுத்தது என்றும் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை ஒரே மரத்தில் நான்கு சொற்களையும் கண்ணால் கண்டு கற்றுவிடும். பக்கத்தில் தேதியையும் எழுதிவைக்கச் சொன்னால், நம் மொழியின் கண்ணும் அந்நாட்டின் கணக்கும் ஒரே ஏட்டில் சேரும்.

வளர்நிலைச் சொற்கள் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். பார்க்கும் பழக்கம் உள்ளவரை, எந்த மண்ணிலும் அவை பிழைக்கும்.